உண்ணிக்காட்டை வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகங்களில் அயல் தாவரங்களைக் கணக்கெடுக்க இப்போது வனத்துறையோடு மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து போகிறார்கள். அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் கணக்குக் கேட்கிறது. எந்தச் செடி, எங்கே, எவ்வளவு என்று கேட்டால் வண்ணம் தீட்டிய வரைபடம் ஒன்று மேசைக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் மண்வெட்டியும் அரிவாளுமாகக் காட்டுக்குள் அனுப்பப்படுகிறார்கள். ஹெக்டேர் கணக்கில் பணம் ஒதுக்கப்படுவதும் அதை வைத்தே. வரைபடம் தப்பாக இருந்தால் வேலை தப்பான இடத்தில் நடக்கும், சரியான இடத்தில் செடி இன்னும் ஒரு மழைக்காலம் விதை போடும்.

இங்கே சொல்பவை பெரும்பாலும் முதுமலையை மனத்தில் வைத்துச் சொல்பவை. உண்ணிச்செடி (லாண்டனா என்ற முட்புதர்), மஞ்சள் கொன்றை, பார்த்தீனியம் என்று எல்லா வகைத் தொல்லையும் ஒரே காப்பகத்தில் பார்க்கக் கிடைப்பதால் அது நல்ல பாடசாலை.

வெள்ளையாகக் கிடக்கும் இடம்

எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை. செடியைக் கண்ட இடத்திலெல்லாம் ஜிபிஎஸ் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். மாலையில் முகாமுக்குத் திரும்பிக் கணினியில் ஏற்றினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக வந்து நிற்கும். புள்ளி இல்லாத வெள்ளைப் பகுதி எதைச் சொல்கிறது? அங்கே போய்ப் பார்த்துச் செடி இல்லையென்று தெரிந்துகொண்டதையா, வழியில் யானைக் கூட்டம் நின்றதால் பாதியில் திரும்பியதையா, நேரமாகிவிட்டதால் அந்தப் பக்கமே போகாததையா? மூன்றும் வரைபடத்தில் ஒரே வெள்ளைதான். போனவருக்கு அந்த வித்தியாசம் சில நாள் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு அது தெரிய வழியே இல்லை. வெள்ளையைச் சுத்தமான காடு என்றுதான் படிப்பார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. உண்ணி மிக அடர்ந்த இடத்துக்குள் யாரும் நுழைவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கும் புதருக்குள் கரடி படுத்திருந்தாலும் மூன்றடி தூரம் வரை தெரியாது. 2021-இல் மசினகுடிப் பக்கம் எம்டிடி23 என்ற புலியைப் பிடிக்க வாரக்கணக்கில் தேடியபோது பெரும் இடைஞ்சலாக இருந்தது இந்தப் புதர்தான். பயிற்சி பெற்ற வனப் பணியாளர்களுக்கே அந்த நிலை. ஆக, கணக்கெடுப்பவர்கள் சுற்றிப் போய்விடுகிறார்கள். இருப்பதிலேயே மோசமான இடம் புள்ளி எதுவும் இல்லாமல் வெள்ளையாக நிற்கிறது!

இதற்கு வழி கடினமானதல்ல. நடந்த தடத்தை ஜிபிஎஸ் கருவி முழுநேரமும் பதிவு செய்யட்டும். முன்கூட்டியே குறித்த இடங்களில் நின்று, செடி இருந்தால் ‘உண்டு’, இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று இரண்டையும் எழுத வேண்டும். போக முடியாத இடத்துக்கு மூன்றாவதாக ஒரு நிறம். நாடு முழுவதும் நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் 400 மீட்டருக்கு ஓர் இடம் என்று நின்று தாவரங்களைப் பதிவு செய்கிறார்கள். அங்கே செடி இருக்கிறதோ இல்லையோ, நிற்க வேண்டிய இடத்தில் நின்றே ஆக வேண்டும். புலிகளுக்காக எடுத்த அந்தப் பதிவுகளே பிறகு இந்தியக் காடுகளில் அயல் தாவரங்கள் பரவியிருப்பதை வரையவும் உதவின என்றால் அதற்குக் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான். அடர்ந்த புதருக்குள் நுழையத் தேவையில்லை. அதன் விளிம்பைச் சுற்றி வந்து, ‘உள்ளே போகவில்லை, வெளியிலிருந்து பார்த்தது’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சாலையோரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேசுவதும் இதே குடும்பத்துத் தவறு. முதுமலையில் விலங்குகள் கண்ணில் படுவதற்காகவும் தீத்தடுப்புக்காகவும் சாலையின் இருபுறமும் புதரை வெட்டிவிடுவது வழக்கம். ஜீப்பில் போகிறவருக்குக் காடு சுத்தமாகத் தெரியும். வெட்டிய பட்டைக்குப் பின்னால் உண்ணி சுவர்போல் நிற்கும். வெட்டாத சாலைகளில் கதை தலைகீழ். வெளிச்சமும் மண் கிளறலும் இருப்பதால் ஓரத்தில்தான் செடி அதிகம், உள்ளே குறைவு. மழையும் ஒரே சீராக இல்லை. மேற்கே பெண்ணை என்ற வனப்பகுதியில் கொட்டும் மழையில் பாதியளவுதான் கிழக்கே மசினகுடிக்கும் மாயாற்றுக்கும் கிடைக்கிறது. பார்க்கும் இடங்களை ஈரக்காடு, வறண்ட காடு, ஓடையோரம், வயல் (காட்டுக்குள் இருக்கும் சதுப்புப் புல்வெளி) என்று முதலிலேயே பங்கிட்டுக்கொள்ளாவிட்டால், தங்கும் விடுதிக்குப் பக்கத்துக் காடுதான் மொத்தக் காப்பகமாகிவிடும்.

‘அதிகம்’ என்றால் எவ்வளவு?

படிவத்தில் அடர்த்தி என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரே புதரின் முன் இரண்டு பேரை நிறுத்திப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து வந்த மாணவர் ‘அதிகம்’ என்று எழுதுவார். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் நடக்கும் காவலர் ‘நடுத்தரம்’ என்பார். இதைவிட மோசமானதை அவர் தினமும் பார்க்கிறார். இரண்டும் ஒரே வரைபடத்தில் ஏறும்போது, நிறம் மாறும் இடம் செடியைக் காட்டாது, ஆள் மாறிய இடத்தைக் காட்டும். சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். நின்ற இடத்தைச் சுற்றிக் குறித்த தூரத்துக்குள் தரையில் எத்தனை சதவீதத்தைச் செடி மூடியிருக்கிறது என்று எழுதுங்கள்: 0, 1 முதல் 10, 11 முதல் 25, 26 முதல் 50, 50-க்கு மேல். முதல் நாள் காலை எல்லோரும் ஒரே இடத்தில் நின்று தனித்தனியாக எழுதி, தாள்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிரிந்து போவது நல்லது. செடியின் உயரம் தனிக் கட்டம். முழங்கால் உயரமும் ஆள் உயரமும் ஒரே சதவீதத்தை மூடலாம், ஆனால் வெட்டும் கூலி ஒன்றல்ல.

பரப்பளவில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரியது, பணம் சம்பந்தப்பட்டதும்கூட. 40 ஹெக்டேர் பகுதியில் அங்கங்கே உண்ணி இருக்கிறது, மொத்தத்தில் 15 சதவீதத் தரையை மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செடி உண்மையில் பிடித்திருப்பது 6 ஹெக்டேர். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு போட்டு ‘பாதிக்கப்பட்ட பரப்பு 40 ஹெக்டேர்’ என்று எழுதினால், ஒப்பந்தப் புள்ளி 40-க்குப் போகும். அடுத்த ஆண்டு வேறொருவர் சரியாக அளந்து 6 என்று எழுதினால், 34 ஹெக்டேர் காடு மீண்டதாக அறிக்கை வரும். ஒரு வேர்கூடப் பிடுங்கப்பட்டிருக்காது. கோடு சூழ்ந்த பரப்பு, செடி மூடிய பரப்பு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாத எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

ஒரே அளவுகோலைப் பல ஆண்டு மாற்றாமல் வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு முதுமலையிலேயே உதாரணம் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பை அமைத்தது. அதைப் 10 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து உண்ணியின் அடர்த்தியைக் குறித்ததால், 1990-இல் இருந்த நிலையையும் 2008-இல் இருந்த நிலையையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட முடிந்தது. செடி பெருகியிருந்தது. ‘அதிகம்’, ‘குறைவு’ என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தால் அந்த ஒப்பீடு நடந்திருக்காது.

மஞ்சளாகப் பூத்ததெல்லாம் ஒரே மரமல்ல

அயல் தாவரம் என்று இன்று செய்தியில் அடிபடும் மஞ்சள் கொன்றை, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். தூரத்திலிருந்து பார்த்து இதைப் பதிவு செய்கிறவர்கள் சரக்கொன்றையையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். சரக்கொன்றை நம் காட்டுக்கே உரிய மரம், அதை வெட்டக் கூடாது. அதன் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். சிற்றிலைகள் பெரியவை, சில இணைகளே இருக்கும். அயல் மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். சிற்றிலைகள் குறுகி, நுனி கூர்மையாக, பல இணைகளாக இருக்கும். காய் நீண்டு உருண்டு இருக்கும். சாலையோரங்களில் நட்டு வளர்த்த சயாம் கொன்றையும் நிமிர்ந்துதான் பூக்கும். ஆனால் அதன் சிற்றிலை நுனி மழுங்கியிருக்கும், காய் தட்டையாக இருக்கும். இலையைக் கையில் எடுத்து நுனியைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதால் நாட்டு மரத்தைப் பட்டை உரித்துக் கொல்லும் நிலை வரக்கூடும். சந்தேகம் இருந்தால் ‘கொன்றை, வகை உறுதியில்லை’ என்று எழுதி, பூ, இலை, காய் மூன்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும். உறுதியில்லை என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வானத்திலிருந்து தெரியாதவை

செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது, மென்பொருளும் இலவசம். காட்டுக்குப் போகாமலே வரைபடம் செய்துவிடலாம் என்ற எண்ணம் இதனால் வந்துவிட்டது. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தேக்கு மரத்தின் கீழே நிற்கும் இரண்டு மீட்டர்ப் புதரை அது எப்படிக் காட்டும்? தேக்கும் கருமருதும் இலை உதிர்த்து, கீழே உண்ணி இன்னும் பச்சையாக நிற்கும் சில வாரங்கள் நல்ல வாய்ப்பு. அந்த வாரங்களும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. வறண்ட கிழக்கில் கோடை முற்றினால் உண்ணியும் இலை கொட்டிக் குச்சியாக நின்றுவிடும். ஓடையோரத்தில் அதே செடி பச்சையாக இருக்கும். மழை முடிந்ததும் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு காப்பகம் முழுவதற்கும் நிறம் தீட்டினால், பச்சையாகத் தெரிவதெல்லாம் உண்ணியாகிவிடும்.

‘எங்கள் வரைபடம் 90 சதவீதம் துல்லியம்’ என்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். ஒரு காட்டில் 10 சதவீத இடத்தில்தான் உண்ணி இருக்கிறதென்றால், ‘எங்குமே இல்லை’ என்று சொல்லும் வெற்று வரைபடமும் 90 சதவீதம் துல்லியமானதுதான். கேட்க வேண்டியது வேறு இரண்டு கேள்விகள். உண்மையில் செடி இருந்த இடங்களில் எத்தனையை வரைபடம் காட்டியது? படம் ‘உண்டு’ என்று சொன்ன இடங்களில் எத்தனையில் உண்மையிலேயே இருந்தது? சரிபார்க்கும் புள்ளிகளும், படத்தில் உண்ணியை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

ட்ரோனைப் பற்றி ஒரே வரி: காப்பகத்துக்குள் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் அதைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

இன்னொரு சின்னப் பிழை, விளைவு மட்டும் பெரியது. தெப்பக்காட்டுப் பக்கம் ஓர் இடம் 11 டிகிரி 34 நிமிடம் வடக்கு, 76 டிகிரி 35 நிமிடம் கிழக்கு என்று நோட்டில் எழுதியிருக்கும். கணினியில் ஏற்றுகிறவர் அதை 11.34, 76.35 என்று தட்டச்சு செய்வார். புள்ளி நீலகிரியைத் தாண்டிக் கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் போய் விழும். அவ்வளவு தூரம் போனால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய நிலவரைபடத்தின் அடிப்படை அளவும் (இடக் குறியீட்டை எதை ஆதாரமாக வைத்துக் கணக்கிடுவது என்ற ‘டேட்டம்’) ஜிபிஎஸ் கருவியின் அடிப்படை அளவும் வேறாக இருந்து புள்ளி கொஞ்சமாக நகர்ந்தால்தான் ஆபத்து. ஓடையோரச் செடி மேட்டில் ஏறி உட்கார்ந்துவிடும், யாருக்கும் சந்தேகமே வராது.

பெரிய காட்டைப் பார்த்துச் சின்னச் செடியை விடுவது

ஏற்கெனவே முழுக்க உண்ணியாகிவிட்ட பகுதியின் எல்லையை மீட்டர் சுத்தமாக வரைவதில் எல்லோருக்கும் ஆர்வம். அது வரைபடத்தில் கம்பீரமாக இருக்கும். ஆனால் அடுத்த பத்து ஆண்டுக்குப் பயன்படும் தகவல், அதிலிருந்து வெகுதூரத்தில் தனியாக முளைத்திருக்கும் ஐந்தாறு செடிகள் எங்கே இருக்கின்றன என்பதுதான். கொண்டைக்குருவியும் மைனாவும் உண்ணிப் பழத்தைத் தின்று எங்கோ போய் எச்சமிடுகின்றன. அங்கே முளைப்பதை ஒரு ஆள் ஒரு காலைப் பொழுதில் வேரோடு எடுத்துவிடலாம். ஐந்து ஆண்டு விட்டால் ஒரு படையே வேண்டும். எனவே பறவைகள் வந்து உட்காரும் தனி மரங்களின் அடியையும், ஓடைக் கரைகளையும், வயல்களின் ஓரத்தையும் தேடிப் பார்ப்பதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சீமைக் கருவேலத்துக்கு இதே விதி, வழி மட்டும் வேறு. காயைத் தின்ற ஆடுமாடுகளும் மான்களும் சாணத்திலும் புழுக்கையிலும் விதையைக் கொண்டுபோகின்றன. பட்டிகளையும் நீர்நிலைகளையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

இந்தப் புதுச் செடிகள் எங்கே இருக்கின்றன என்று காப்பகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குத்தான். அவர்களில் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்தவர். அவர்களை வழிகாட்ட மட்டும் அழைத்துப்போய், படிவத்தைத் தாமே நிரப்பிக்கொண்டு வரும் குழுக்கள் உண்டு. ‘இந்த வயலில் உண்ணி எப்போது வந்தது? முன்பு இங்கே என்ன புல் இருந்தது? எந்த ஆண்டு தீக்குப் பிறகு?’ என்று உட்கார்ந்து கேட்டு, சொன்னவர் அனுமதியோடு தேதி போட்டு எழுதிக்கொண்டால், செயற்கைக்கோள் தராத பழைய வரலாறு கிடைக்கும்.

வெட்டிய பிறகு

அகற்றிய பகுதியை வரைபடத்தில் பச்சையாக்கிவிட்டு மறந்துவிடுவது பரவலான பழக்கம். உண்ணியைத் தரைமட்டத்தில் வெட்டினால் வேர்முண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர்க்கும் பகுதிக்கும் அடியில் வேரை அறுத்துச் செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். மஞ்சள் கொன்றையை வெறுமனே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் எழும். இரண்டுக்கும் மண்ணில் விதை இருக்கும். ஆகவே அகற்றிய இடத்துக்குத் தனி நிறம் கொடுத்து, எந்த மாதம் எடுத்தார்கள், எந்த முறையில் எடுத்தார்கள், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் அந்த இடத்தோடு சேர்த்தே பதிய வேண்டும். மழை முடிந்து மூன்று மாதத்துக்குள் யாரும் திரும்பிப் போய்ப் பார்க்காத இடத்தை ‘தெரியவில்லை’ என்ற பட்டியலுக்கு மாற்றிவிடுவது நேர்மை.

கடைசியாக, காலணி. பார்த்தீனியம் ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை போடும்; அவை சேற்றோடு ஒட்டிக்கொண்டு எங்கும் போகும். மசினகுடிச் சாலையோரத்தில் காலையில் நடந்த காலணியோடும், அதே சேற்றைச் சுமந்த ஜீப்போடும் மாலையில் உள்காட்டு முகாமுக்குப் போகாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிரஷ், சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம். ஜீப்பின் சக்கர மேல்வளைவுக்கு உள்பக்கத்தையும் தேய்த்துவிடுங்கள். சேறு அதிகம் தங்குவது அங்கேதான்.