நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பார்ப்பது எப்படி?

வாந்தி, குமட்டல் வந்தால்தான் மசக்கை என்று பலர் காத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் 6ஆவது வாரத்தையொட்டித்தான் தொடங்கும். சிலருக்கு வருவதே இல்லை. நம்பகமான முதல் அடையாளம் நாள் தள்ளுவதுதான். "ஆடிப்பெருக்கை ஒட்டி வந்துச்சு" என்றால் போதாது, தீட்டு வந்த முதல் நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். ஆகஸ்ட் 3 என்றால், 28 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு அடுத்தது ஆகஸ்ட் 31. வராவிட்டால் மறுநாளே சோதிக்கலாம்.

மார்பு கனத்து வலிக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், நெல் அவிக்கிற வாடையே குமட்டும். ஆனால் சம்பா நடவுக்குக் குனிந்து நிமிர்பவருக்கு அசதியும் இடுப்புவலியும் எப்படியும் இருக்கும். தீட்டுக்கு முன்னும் மார்பு வலிக்கும். இவற்றையோ, நாடி பிடித்துச் சொல்வதையோ வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாள் வரவேண்டிய சமயத்தில் சொட்டுச் சொட்டாகப் பட்டு நின்றுவிட்டால் அதைத் தீட்டென்று எண்ணாதீர்கள். மாதக் கணக்கே தப்பிவிடும். தாய்ப்பால் கொடுப்பவர், தீட்டு திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்கக்கூடும்.

மெடிக்கலில் கிட் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். விடிந்ததும் போகிற முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, உறையில் சொன்ன அளவு (பெரும்பாலும் 3 சொட்டு) குழியில் விட்டு, 5 நிமிடத்தில் பாருங்கள். இரண்டு கோடு என்றால் கர்ப்பம். இரண்டாவது மங்கலாக இருந்தாலும் அப்படித்தான். வெகுநேரம் கழித்துக் காய்ந்த பிறகு தெரிகிற கோட்டை நம்பாதீர்கள். கிட்டில் 'சி' (C) என்று குறித்த பக்கம் கோடே இல்லையென்றால் கிட் வீண். 'சி'யில் மட்டும் கோடு வந்து, தீட்டும் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து இன்னொரு கிட்டில் பாருங்கள். இரவு நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் ஆரம்பக் கர்ப்பம் கிட்டில் தெரியாமல் போகலாம்.

உறுதியானதும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து எண்ணி 12 வாரத்துக்குள் பதிவது நல்லது. மேலே சொன்ன கணக்கில் அது அக்டோபர் 26. போலிக் ஆசிட் மாத்திரையை அன்றே கேளுங்கள். மருந்தடிக்கிற வயலுக்குப் போகாதீர்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ இரத்தப்போக்கோ சேர்ந்தால் கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். கை வைத்தியம் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.