கசடுப் பசளையும் கீரைப் பாத்தியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, கையில் அகப்பட்டதெல்லாம் சேதனப் பசளை ஆனது. அந்த வருடம் முடியுமுன்னே தடை நீங்கிவிட்டது. ஆனால் பசளை விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. எரு தேடி அலையும் தோட்டக்காரர் கண்ணில் மலசலகூடக் கசடும் படத்தான் செய்யும். அதில் நைதரசனும் பொசுபரசும் நிறையவே உண்டு. மட்டக்களப்பின் களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மணலுக்கு அதிலுள்ள சேதனப் பொருளும் நல்லது. முறையாகப் பதப்படுத்திய கசடைப் பல நாடுகளில் வயலுக்குப் போடுகிறார்கள். சிக்கல் எல்லாம் அந்த ‘முறையாக’வில்தான்.

வெயிலில் காய்ந்து, நாற்றம் போய், கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது எருவாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. நமது வீடுகளில் பெரும்பாலும் மலசலகூடக் குழிதான். பவுசர் (தாங்கி வண்டி) உறிஞ்சி எடுப்பது பதப்படுத்தாத பச்சைக் கசடு. அதில் வட்டப்புழு முட்டைகள் இருக்கலாம். பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பூச்சிக்குளிசை கொடுப்பது இந்தப் புழுவுக்கும் சேர்த்துத்தான். அதன் முட்டைக்குத் தடித்த ஓடு உண்டு, மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேல்வெயிலுக்கு அது எளிதில் சாகாது. மேலே சுண்ணாம்பு தூவினால் நாற்றம் அடங்கும், அவ்வளவுதான்.

முட்டையைக் கொல்வது வெப்பமும் காலமும். கசடோடு வைக்கோல், மரத்தூள் போன்றவற்றைக் கலந்து நீளக் குவியலாகப் போட்டு, உள்ளே 55 பாகை செல்சியசுக்குக் குறையாமல் 15 நாள் வைத்து, அதற்குள் 5 தடவை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. புரட்டாவிட்டால் ஓரத்தில் கிடக்கும் கசடு சூடு காணாமலே போய்விடும். குவியல் போட வசதி இல்லையா? நம்முடையது போன்ற வெப்பமான இடங்களில், புதிய கசடு சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் சேமித்து வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. இடையில் ஒரு பவுசர் புதிதாகக் கொட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது, எந்தப் பயிருக்கு என்று பார்க்காமல் போடுவது. நாம் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பச்சையாக நறுக்கிச் சம்பல் போடுகிறவர்கள். வெங்காயமும் தக்காளியும் பச்சையாகவே இலைக்கு வரும். ஓரளவு மட்டும் பதப்படுத்திய கசடு போட்ட நிலத்தில், மண்ணில் பட்டுக் கிடக்கும் காய்கறியை அறுக்க 14 மாதம் பொறுக்க வேண்டும் என்கிறது அதே அமெரிக்க விதி. கிழங்கு வகைக்கு இன்னும் அதிகம், 20 முதல் 38 மாதம் வரை. ஐரோப்பாவில், மரக்கறி நிற்கிற நிலத்தில் கசடு போடவே கூடாது. மண்ணோடு ஒட்டி வளர்ந்து பச்சையாகத் தின்னும் பயிர் என்றால், அறுவடைக்கு முந்திய 10 மாதமும் தடை. நம் கீரை ஒரு மாதத்துக்குள் சந்தைக்குப் போய்விடும். அப்புறம் எங்கே காத்திருப்பது? ஆகவே என் கணக்கில் கீரை, வெங்காயம், கரட், பீற்றூட் பாத்திக்கு இந்தப் பசளை வேண்டவே வேண்டாம். முழுமையாகப் பதப்படுத்தி, ஆய்வுகூட அறிக்கையும் இருந்தால், சமைத்துத் தின்னும் கத்தரி, வெண்டி, பயற்றைக்கு யோசிக்கலாம். தென்னைக்கும் முந்திரிக்கும் குழி வெட்டிப் போட்டு மண்ணால் மூடுவது அதைவிட நிம்மதி.

சூட்டுக்குச் சாகாதவையும் கசடில் உண்டு: கட்மியம், ஈயம் போன்ற பார உலோகங்கள். வீட்டுக் குழியில் இவை பெரும்பாலும் குறைவு. கராச், பற்றரிக் கடை, சாயத் தொழில் இவற்றின் கழிவு கலந்தால் கதை வேறு. கட்மியம் காயைவிட இலையில்தான் கூடுதலாகச் சேரும். இங்கேயும் அடிபடுவது கீரைதான். உயர்தரக் கசடில் ஒரு கிலோ உலர் எடைக்குக் கட்மியம் 39 மில்லிகிராம், ஈயம் 300 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. வருடா வருடம் போட்டால் மண்ணில் கூடிக்கொண்டே போகும், திரும்ப எடுக்க வழியில்லை. கப்பலில் வந்த சீனச் சேதனப் பசளையைத் தீங்கான பக்டீரியா இருக்கிறதென்று நாட்டுக்குள் விடாமல் திருப்பியவர்கள் நாம். வளவுக்குக் கசடு கொண்டுவரும் உழவு இயந்திரப் பெட்டிக்காரரிடம் ஆய்வுகூட அறிக்கை கேட்க ஏன் கூச்சம்? போன வருட அறிக்கையைக் காட்டினால் ஏற்க வேண்டாம். ஒவ்வொரு குவியலும் வேறு.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் நம் எழுவான்கரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மணல், கைக்கெட்டும் ஆழத்தில் கிணற்று நீர், மாரியில் அது இன்னும் மேலே. ஐப்பசி தொடங்கித் தை வரை கொட்டும் மழையில் போட்ட பசளையின் நைதரேற்று நேரே கிணற்றுக்குப் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைதரேற்று இருந்தால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. மழைக்கு முன்னே அள்ளிக் கொட்டிவிட்டால் மண்ணில் ஊறும் என்று நினைப்பது மணலுக்குப் பொருந்தாது. அளவைக் கூட்டுவதும் அப்படித்தான். கசடின் நைதரசன் மெதுவாகவே வெளிப்படும். முதல் மாதம் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கவில்லையே என்று இரட்டிப்பாகப் போட்டால் மிச்சம் கிணற்றில். பொட்டாசியமோ இதில் மிகக் குறைவு, தண்ணீரோடு கரைந்து முன்பே போயிருக்கும். சாம்பலோ எம்ஓபி என்னும் பொட்டாசியப் பசளையோ தனியாகக் கொடுக்காவிட்டால், இலை செழித்து நிற்கும், காய் சிறுத்துப் போகும்.

கையாளும்போது சப்பாத்தும் கையுறையும் வேண்டும் என்பது தெரிந்ததே. தெரிந்தும் வெறுங்காலோடுதான் இறங்குகிறோம். கவனத்துக்கு வராத ஒன்று, கசடு வந்த அதே யூரியா பையில் கத்தரிக்காயைக் கட்டிச் சந்தைக்கு அனுப்புவது. பையைத் தனியாக வையுங்கள். மண்வெட்டியையும் கழுவாமல் கீரைப் பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.

சரி, ஒருவர் வந்து இலவசமாகவே கொட்டிவிட்டுப் போகிறேன் என்கிறார். கொட்ட இடமில்லாமல் அலைகிற பவுசருக்கு உங்கள் வளவு மலிவான இடம், அதுதான் விசயம். எங்கே பதப்படுத்தியது, எத்தனை நாள் வைத்தது, எப்போது சோதித்தது என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அனுப்பிவிடுங்கள். பதில் நேராக வந்தாலும், கொட்ட விடுமுன் விவசாயப் போதனாசிரியரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பக்கத்து வளவுக் கிணறு உங்கள் வேலியிலிருந்து எத்தனை அடி என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். அளந்து வைத்துக்கொண்டு போங்கள்.