கிளினிக் பெஞ்சில் தொடங்குங்கள்: பிள்ளைப்பேற்றுத் திகில்கதை எழுத

நம் மலேசியத் தோட்டப்புறத்துத் திகில்கதைகளில் முக்கால்வாசி நள்ளிரவில், பால்மரக் காட்டில், மல்லிகை வாசத்தோடு தொடங்கும். கர்ப்பிணியை நடுவில் வைத்து எழுதப்போகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிடலாம். சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரின் தாய்சேய் கிளினிக், காலை எட்டு மணி, கையில் நம்பர் சீட்டு. இது போதும். தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை. பெண்ணியத் திகிலுக்கு வேண்டிய பயம் இதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு தாளில் நாற்பது வாரங்களையும் கோடு போட்டு, கிளினிக்கில் எந்த வாரம் என்ன நடக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். 3,000 சொல் கதைக்கு அதில் மூன்று இடங்கள் போதும். நான்காவதைச் சேர்த்தால் கதை சுகாதாரத் துண்டறிக்கை ஆகிவிடும்.

நமக்குக் கிடைத்த பெரிய வரம், கர்ப்பிணிக்குக் கிளினிக் கொடுக்கும் பதிவேடான அந்த பிங்க் புத்தகம். அது அவள் பையிலேயே இருக்கும், எழுத்து மட்டும் மலாயும் ஆங்கிலச் சுருக்கமுமாக இருக்கும். ஆபத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி உண்டு. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. போன மாதம் வெள்ளையாக இருந்தது இன்று மஞ்சள். மிஸ்ஸி (தாதி) ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார். முதல் திருப்பத்துக்கு இது போதும், இடி மின்னல் வேண்டாம்.

சர்க்கரைப் பரிசோதனை உரையாடலுக்கு ஏற்ற இடம். இரவெல்லாம் பட்டினி, காலையில் ஒரு தடவை இரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம். வெறும் வயிற்றில் 5.1 mmol/L, இரண்டு மணி நேரத்தில் 7.8, இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவு. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து. நடுவில் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத அந்த இரண்டு மணி நேரத்தில், பெஞ்சில் இருக்கும் மற்றப் பெண்கள் பேசட்டும். ஒருத்தி ஆரம்பித்த கதையை இன்னொருத்தி முடிக்கட்டும். கதாநாயகி விழுங்கிக்கொண்டே இருக்கட்டும்.

இதயத் துடிப்புக் கருவியைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் தொடாதீர்கள். வயிற்றில் ஜெல் தடவி, கைக்கு அடக்கமான டாப்ளரை வைத்தால் குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை கேட்கும். தாயின் துடிப்பு பெரும்பாலும் நூறுக்குள். ஆனால் கருவி சில நேரம் தாயின் துடிப்பையே பிடித்துவிடும். காய்ச்சலிலோ பயத்திலோ அவள் நாடி 130-க்கு ஏறினால் அது குழந்தையுடையதுபோலவே கேட்கும். அதனால்தான் தாயின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. உங்கள் கதையில் அன்று யாரும் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. “நல்லா இருக்கு” என்று சொல்லி ஜெல்லைத் துடைத்துவிடுகிறார்கள். அவளோ தன் கழுத்தில் விரலை வைத்துப் பார்க்கிறாள்: அறை முழுக்கக் கேட்ட அதே தாளம். இந்த ஒரு பத்திக்காகவே கதை எழுதலாம்.

குழந்தை அசைவு அட்டையும் அப்படித்தான். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுக்குள் பத்து அசைவு எண்ண வேண்டும், குறைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அசைவு நின்றது என்று எழுதுவது எல்லாருக்கும் வரும். அவள் தூங்கிய நேரத்துக்கும் டிக் விழுந்திருக்கிறது, அதுவும் அவள் கையெழுத்தில், என்று எழுதிப் பாருங்கள்.

பிரசவ அறையில் கடிகாரம்தான் உங்கள் வாக்கிய அளவுகோல். வலி முற்றிய நிலையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வரும், முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை நிற்கும். ஒப்புதல் படிவம் வருவது மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தில். ஆகவே படிவக் காட்சியில் இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள், பிறகு வாக்கியத்தை நடுவில் வெட்டுங்கள். “புவான், சைன் சினி” (அம்மா, இங்கே கையெழுத்து) என்பதைக் கதையில் தமிழாக்க வேண்டாம். அவள் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கட்டும்.

வரலாற்றிலிருந்து எடுப்பவர்கள் சம்பவத்தைத் தோட்டத்துக்குத் தூக்கி வராமல், அது வேலை செய்த விதத்தை மட்டும் எடுங்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை மருத்துவர் மரியன் சிம்ஸ், அனார்கா, பெட்ஸி, லூசி முதலிய அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் அறுத்துப் பழகினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பேர்பெற்ற ‘அந்தி உறக்கம்’ முறையில் மார்ஃபினும் ஸ்கோபொலமினும் கொடுத்தார்கள். வலி முழுதாகப் போகவில்லை, நினைவுதான் போனது. பெண்கள் கத்தினார்கள், கட்டி வைக்கப்பட்டார்கள், விழித்தபோது எதுவும் ஞாபகமில்லை. நம் கதைக்கு இதிலிருந்து வேண்டியது மணிக்கட்டில் ஒரு தழும்பு. அதை முதலில் பார்ப்பவள் அவளாக இருக்கக்கூடாது, குளிப்பாட்ட வந்த அத்தையாக இருக்கட்டும்.

ஆண்டைச் சரிபாருங்கள். பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. இன்று நடக்கும் கதையில் நீலப்பச்சைத் தண்ணீரை முதுகில் சுமந்து மருந்தடிக்கும் கர்ப்பிணி வந்தால், அந்த டின் எங்கிருந்து வந்தது என்றும் கதை சொல்ல வேண்டும். தனியார் துறையில் பிரசவ விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாள், அதற்கு முன் 60. கருக்கலைப்பு நம் நாட்டில் அடியோடு குற்றம் என்று எழுதுவது பெரிய தப்பு. தண்டனைச் சட்டம் 312-இன்படி, தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்று கருதினால் மருத்துவர் செய்யலாம். 1989-லிருந்து அப்படித்தான். ‘சட்டத்துல இடமில்லம்மா’ என்று கதையில் ஒருவர் சொன்னால், அவர் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தேதானா என்பதை நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.

பேய் வேண்டுமென்றால் வரட்டும். பிரசவத்தில் இறந்தவளின் மலாய்ப் பேயான பொந்தியானாக் கதையில் பிடரியில் ஆணி அடித்ததும் அவள் அழகான, அடங்கிய மனைவியாகிவிடுகிறாள். வெள்ளை உடையையும் கூந்தலையும் விட்டுவிட்டு, சுத்தியல் யார் கையில் என்று எழுதுங்கள். நம் பக்கம் பிரசவத்துக்குக் காவல்தெய்வமான பெரியாச்சி இருக்கிறாள்: மடியில் அரசி, கிழிந்த வயிறு, தரையில் படாமல் தூக்கிப் பிடித்த பிள்ளை. பிரசவம் பார்க்க வந்தவள் எந்தக் கட்டத்தில் ஆயுதம் எடுக்கிறாள் என்பது அந்தச் சிலையிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் அவளுக்குப் படையல் வைக்கப் போகிற வாசகிகள் உங்கள் வர்ணனையைக் கை கையாக எண்ணுவார்கள், கோயிலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். மிஸ்ஸியைக் கொடூரியாக்கினால் பயம் போய்விடும், ஆளை மாற்றினால் தீர்ந்தது. கூடத்தில் அறுபது பேர் காத்திருக்க அவர் ஒருத்தராக ஓடுகிறார் என்றால் தீர்வே இல்லை. ஊனமாகப் பிறந்த குழந்தையை அரக்கனாக்குவது மட்டமான வேலை. கடைசியில் ‘எல்லாம் அவள் மனப்பிரமை’ என்று முடித்தால், அவள் பேச்சைக் கேட்காதவர்கள் சொன்னதையே நீங்களும் சொல்லியாயிற்று. குழப்பம் வேண்டுமானால் வைக்கலாம், ஆனால் இன்னொரு பெண் கையில் ஒரு சாட்சி இருக்கட்டும்: அந்த அட்டை, அந்தத் தழும்பு, ஸ்டிக்கரைக் கிழித்த தடம்.

எழுதி முடித்ததும் ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் கொடுத்து மருத்துவப் பகுதிகளை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். கிளினிக்கின் பெயரை எடுத்துவிடுங்கள். சின்ன ஊரில் ஒரே கிளினிக்தான், மிஸ்ஸி யார் என்று மார்க்கெட்டில் மீன் விற்கிறவருக்கும் தெரியும்.