புதரும் இளமரமும் வெட்ட எந்த ரம்பம்?

கடைக்குப் போகும் முன் புதருக்குள் போங்கள். அளவுநாடா வேண்டாம், கணுக்கால் உயரத்தில் தண்டுகளைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் பருமன் சுமார் 2 செ.மீ., மணிக்கட்டுப் பருமன் 5 செ.மீ. சொச்சம், கெண்டைக்கால் பருமன் 10 செ.மீ.க்கு மேல். பத்தில் எட்டுத் தண்டு எந்தப் பருமனோ, அதற்குத்தான் ரம்பம். ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு பெரிய மரத்தை மனதில் வைத்து செயின் சா வாங்கினால், மற்ற எல்லாத் தண்டுக்கும் அது தொல்லைதான்.

கட்டைவிரலுக்குக் குறைந்ததற்கு ரம்பமே தேவையில்லை. மெல்லிய தண்டு அலகோடு சேர்ந்து ஆடும், பல் பிடிக்காது. அரிவாளோ நீளக் கைப்பிடிக் கத்தரியோ போதும்.

2 முதல் 10 செ.மீ. வரை என் ஓட்டு வளைந்த அலகுள்ள இழுப்பு ரம்பத்துக்கு. இழுக்கும்போது மட்டும் வெட்டும். தள்ளும்போது அழுத்தினால் அலகு மடங்கும். அலகின் நீளம் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். 30 செ.மீ. அலகு வாங்கினால் எல்லாவற்றுக்கும் சரிவரும். பச்சை மரத்துக்குப் பெரிய பல்: 30 மி.மீ. நீளத்தில் 6 முதல் 8 பல். பொடிப் பல்லாக இருந்தால் ஈரத்தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும். பல் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது. அதில் அரம் ஏறாது. அதனால் மாற்று அலகு தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள்.

வில் ரம்பம் மலிவு, கீழே கிடக்கும் கட்டையை அறுக்க அருமை. புதருக்குள் கொண்டுபோனால் வில் பக்கத்துத் தண்டில் முட்டிக்கொண்டே இருக்கும்.

இனி வெட்டும் முறை. அடியில் உள்ள மண்ணையும் சருகையும் முதலில் விலக்குங்கள். மணல் பட்ட பல் சீக்கிரம் மழுங்கும்.

தொடங்குபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது அடுத்த இடத்தில். நேராக அடியில் அறுக்க ஆரம்பிப்பார்கள். பாதியில் மரத்தின் பாரம் வெட்டுவாயை மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். எனவே இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதலில் இடுப்பளவில்: மரம் சாயும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு எதிர்ப்பக்கத்தில் 2 செ.மீ. மேலே இருந்து மீதி. மேல்பாரம் இறங்கிவிட்டால் அடிக்கட்டை வெறும் முளைதான், மண்ணை ஒட்டி நிதானமாக அறுக்கலாம். அப்படியும் கவ்வினால் அலகைத் திருகாதீர்கள். வெட்டுவாய் விரியும் பக்கமாகத் தண்டைத் தள்ளிக்கொண்டே, போன வழியிலேயே உருவுங்கள். அடிவெட்டு சமமாக இருக்கட்டும். சாய்த்து வெட்டிய முளை செருப்பைத் துளைக்கும் ஈட்டி.

இன்னொரு மரத்தடியில் சிக்கி வில்லாக வளைந்து நிற்கும் கம்பு கண்ணில் பட்டால், அதன் வளைவின் உட்பக்கத்தில் சிறிது சிறிதாகக் கீறுங்கள். வெளிப்பக்கத்தில் கை வைத்தால் பிளந்து அடிக்கும். அது நிமிரும் பாதையில் நிற்காதீர்கள்.

பரப்பு பெரிது, தண்டு மணிக்கட்டுக்குள் என்றால் பிரஷ் கட்டர், அதாவது நீளக் குழாயின் நுனியில் தகடு சுழலும் இன்ஜின் கருவி. முப்பல் தகடு கட்டைவிரல் பருமன் வரைதான். அதற்கு மேல் வட்ட ரம்பத் தகடு, 35 சி.சி.க்குக் குறையாத இன்ஜின். புல் வெட்டும் நைலான் கயிற்றுக்கான பிளாஸ்டிக் காப்பைக் கழற்றி, ரம்பத் தகட்டுக்கென்று வரும் காப்பை மாட்டியே தீர வேண்டும். தகட்டை மேலிருந்து பார்க்கும் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நேர் முன்னே 12: 12 முதல் 3 மணி வரையுள்ள பகுதி மரத்தில் பட்டால் இயந்திரத்தையே உதறி எறியும். இடப்பக்கத்தால் வெட்டுங்கள். 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது.

செயின் சா கெண்டைக்கால் பருமனுக்கு மேல்தான். 12 அல்லது 14 அங்குல பார் (சங்கிலி ஓடும் நீளத் தகடு) போதும். மெல்லிய கம்பைச் சங்கிலி பிடித்து இழுத்து முகத்தில் அடிக்கும்.

வேலை முடிந்ததும் அலகில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள்.

பிற்சேர்க்கை: பிரஷ் கட்டர் தகட்டின் நட்டு எவ்வளவு திருகியும் கழலவில்லையா? பெரும்பாலானவற்றில் அது இடமரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். தலைப்பகுதித் துளையில் பூட்டுக்கம்பியைச் செருகிக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் திருகுங்கள்.