ஏலத்தில் முதல் ரோமானியக் காசை வாங்குவது எப்படி?

ஏல நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்குவது, அடையாளச் சான்று கொடுப்பது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும்: ஏலத்துக்கு முந்தைய இரவில் பதிவு செய்யாதீர்கள், ஒப்புதல் வர ஓரிரு நாள் ஆகலாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஒரே ஒரு வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கிரேக்கம், ரோம், பார்த்தியா, பைசாந்தியம் என்று பட்டியலைப் புரட்டினால் எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு, மூன்றாம் கோர்டியனின் அன்டோனினியானஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு. கி.பி. 238 முதல் 244 வரை ஆண்ட சிறுவயதுப் பேரரசன். ஏராளமாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. வெள்ளி இன்னும் ஓரளவு மிச்சமிருந்த காலம் என்பதால் முகமும் எழுத்தும் தெளிவாக நிற்கும். அடுத்த முப்பது ஆண்டுகளில் இதே காசு, வெள்ளி பூசிய செம்பு என்ற நிலைக்கு இறங்கிவிட்டது.

தலையில் சூரியக் கதிர் போல முள்முள்ளாகக் கிரீடம் இருந்தால் அன்டோனினியானஸ், இலைமாலை இருந்தால் தெனாரியஸ் என்ற இன்னொரு வெள்ளிக் காசு. இப்போதைக்கு இது போதும்.

படி 2: விவரக் குறிப்பைப் படியுங்கள்

எடை, விட்டம், அச்சுத் திசை மூன்றும் இருக்க வேண்டும். அச்சுத் திசையைக் கடிகார மணியில் சொல்வார்கள்: 12 மணி என்றால் இரு பக்கமும் ஒரே நிமிர்வு, 6 மணி என்றால் பின்பக்கம் தலைகீழ். எடை போடாத லாட்டை (ஏலத்தில் ஒரே எண்ணில் விற்கும் பொருளை) நான் தொடுவதே இல்லை. செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகளை ரோமானியர் காலத்திலேயே செய்திருக்கிறார்கள். அவை பெரும்பாலும் எடையில்தான் மாட்டிக்கொள்ளும்.

'டூல்ட்' என்று எழுதியிருந்தால் தேய்ந்த இடத்தைப் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதை விட்டுவிடுங்கள். 'ஸ்மூத்ட்' என்றால் மேற்பரப்பை வழித்திருக்கிறார்கள். விலை குறைவாக இருந்தால் யோசிக்கலாம். பல காசுகளைச் சேர்த்து ஒரே லாட்டாக விற்பதை வழக்கமாகத் திருப்பி வாங்க மாட்டார்கள். முதல் முறை வேண்டாம்.

படி 3: பழைய ஏலங்களில் தேடுங்கள்

ரகத்தை அடையாளம் காண அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓக்ரே' (OCRE) தளம் இலவசம். ரோமப் பேரரசுக் காசுகளுக்கு வேறெதையும் நான் முதலில் திறப்பதில்லை. முந்தைய ஏலங்களின் படங்களுக்கு 'ஏசிசர்ச்' (acsearch) தளம். அங்கே விலையைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். பணத்தை மிச்சப்படுத்துகிற சந்தா இது, கட்டலாம்.

படங்களை ஒப்பிடும்போது விலையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் எழுத்தும் முகமும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் விளிம்பின் வளைவு, வெடிப்பு, படம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், ஏனென்றால் கையால் அடித்தவை. மூக்கருகே அதே கீறல், காதருகே அதே பள்ளம், அதே ஒதுக்கம் என்று இரண்டு காசுகளில் பார்த்தால், குறைந்தது ஒன்றாவது அச்சுவார்ப்புப் போலி. இரண்டுமே போலியாகவும் இருக்கலாம்.

படி 4: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். திரையில் ஓடுகிற விலை, நீங்கள் கட்டப்போகும் விலை இல்லை. சுத்தியல் தட்டி முடித்த விலைமேல் 'பையர்ஸ் பிரீமியம்', அதாவது ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம், ஏறும். பல இடங்களில் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதன்மேல் அஞ்சல் செலவு. வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதி வரி. சில ஏலத் தளங்கள், நேரலையில் கேட்டால் தனியாக ஒரு சதவீதம் பிடிக்கும். அதே காசை ஏல நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கேட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் இருக்காது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கையிலிருந்து மொத்தம் 150 போகலாம் என்று வைத்துக்கொள்வோம் (டாலரோ யூரோவோ, கணக்கு ஒன்றுதான்). அஞ்சல் 15, பிரீமியம் 20 சதவீதம், வரி 5 சதவீதம். வரியைப் பொதுவாக அஞ்சல் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். எனவே முதலில் 150ஐ 1.05ஆல் வகுத்தால் சுமார் 142.85. அதில் அஞ்சல் 15 போனால் 127.85. அதை 1.2ஆல் வகுத்தால் 106.5. உங்கள் உச்சவரம்பு 106.

20 சதவீதத்தைக் கழித்தால் போதாதா? போதாது. 127.85இல் 20 சதவீதம் கழித்தால் 102தான் வரும். அந்த நாலின் வித்தியாசத்தில்தான் பல நேரம் காசு கைநழுவும். வகுக்கத்தான் வேண்டும். ஒரு விரிதாளில் இதை எழுதி வைத்துவிட்டால் அப்புறம் மண்டையைக் குடைய வேண்டாம்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பண்பாட்டுப் பொருள் கொண்டுவருவதற்கான புதிய விதிகள் 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. காசு முன்பு யாரிடம், எந்த ஏலத்தில் இருந்தது என்ற பழைய உடைமை விவரம், அது எங்கிருந்து வந்தது என்று காட்ட உதவும்; அந்த விவரம் உள்ள லாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

படி 5: கேட்பது

உச்சவரம்பை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். வழக்கமாக அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலேதான் உங்களிடம் வாங்குவார்கள்; முழுத் தொகையும் போகாது. இரண்டு பேர் ஒரே தொகை கேட்டால் முதலில் பதிந்தவருக்கே காசு. படிகள் 100, 110, 120 என்று ஏறும் ஏலத்தில் 106 என்று போட்டால் 100 ஆகக் கீழே இறக்கிவிடும் தளங்கள் உண்டு. உங்கள் 106ஐ எந்தப் படியில் நிறுத்துவது என்று விதிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 110க்குப் போவதென்றால் அது உங்கள் விருப்பம். நான் போக மாட்டேன். கோர்டியன் அடுத்த வாரமும் வருவான்.

நேரலையைப் பார்த்துக்கொண்டே கேட்பது எனக்குப் பிடிக்காது. எண்கள் ஓடும்போது கை துறுதுறுவென்று இருக்கும், 106 எளிதாக 140 ஆகும்.

படி 6: வந்து சேர்ந்த பிறகு

0.01 கிராம் காட்டும் சிறு தராசு, பத்து மடங்கு லென்ஸ், இரண்டும் போதும். எடையைக் குறிப்போடு ஒப்பிடுங்கள். லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: வார்ப்புக்கோடும் குண்டூசி முனையளவு குமிழ்க் குழிகளும் கெட்ட அறிகுறி. யுஎஸ்பி நுண்ணோக்கி வாங்கச் சொல்வார்கள், அதில் எல்லாக் காசும் போலியாகத்தான் தெரியும்.

மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம்; அது சிதைந்து காசின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். செம்புக் காசில் கெட்டியான களிம்பு அழகு. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது நோய். உலர்ந்த இடத்தில் தனியாக எடுத்து வையுங்கள்.

பிற்சேர்க்கை: வங்கி வழியாகப் பணம் அனுப்பியும் "முழுத்தொகை வரவில்லை" என்று மின்னஞ்சல் வந்ததாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். இடையில் உள்ள வங்கிகள் கட்டணம் கழித்துக்கொள்வதால் வருகிற தொல்லை இது. அனுப்பும் படிவத்தில் கட்டணம் யாருடையது என்ற இடத்தில் முழுவதும் அனுப்புநருடையது என்று தேர்ந்தெடுங்கள். படி 4இன் கணக்கில் அந்தத் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.