விண்டோஸ் ஹோமை புரோவாக மாற்றுவது எப்படி?

வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் லெப்டொப்புகளில் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் பதிப்புத்தான் இருக்கும். அதைப் புரோவாக மாற்றுவது சின்ன வேலைதான். ஃபைல்கள் அழியாது, போட்டு வைத்த புரோகிராம்களும் அப்படியே இருக்கும். ஆனால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் இதன் அமெரிக்க விலை 99 டொலர். காசு கட்ட முதல், புரோ உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்.

ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு சூம் வகுப்பும் டைப்பிங்கும் என்றால் ஹோம் தாராளம். கல்முனையில் கடை வைத்திருப்பவர், கீழே கடைக் கணினியில் உள்ள கணக்கை மேல்மாடியில் இருந்தபடி தன் லெப்டொப்பில் திறந்து பார்க்க நினைத்தால் கதை வேறு. ரிமோட் டெஸ்க்டொப்பில் இன்னொரு கணினிக்குள் போக ஹோம் போதும். உள்ளே வர விடும் கணினியில்தான் புரோ இருக்க வேண்டும். ஆகவே கடைக் கணினியை மட்டும் மாற்றினால் சரி, லெப்டொப்புக்கு இன்னொரு 99 டொலர் வேண்டாம். டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டி வைக்கும் பிட்லொக்கர், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி போன்றவையும் புரோவோடு வரும். புரோ போட்டால் கணினி வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருக்கிறீர்களா? அதற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கணினி தாங்குமென்றால் முதலில் 11க்குப் போங்கள். அது இலவசம். பதிப்பை அப்புறம் மாற்றலாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் முக்கியமான படங்கள், ஆவணங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அழியாது என்றுதான் சொன்னேன், ஆனாலும் எடுங்கள். மட்டக்களப்பில் மாரி காலத்தில் கரண்டை நம்ப முடியாது. லெப்டொப்பை முழுதாக சார்ஜ் செய்து, வயரையும் செருகி வையுங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். மேலே எந்தப் பதிப்பு, ஆக்டிவ் ஆக இருக்கிறதா என்று காட்டும். ஆக்டிவ் இல்லையென்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். கீழே பதிப்பை உயர்த்தும் பகுதியில் இரண்டு வழி உண்டு: ஸ்டோரைத் திறந்து கார்டில் வாங்கலாம், புரோவுக்கான 25 எழுத்து கீ (உரிம எண்) கையில் இருந்தால் ‘சேஞ்ச்’ பொத்தானை அழுத்தி அதை அடிக்கலாம். பிறகு நெக்ஸ்ட், ஸ்டார்ட். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். இடையில் பவர் பொத்தானில் கை வைக்க வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகளை நான் வாங்க மாட்டேன். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. இன்றைக்கு வேலை செய்யும், பிறகு முடக்கப்படலாம். பிடிக்கவில்லை என்று புரோவில் இருந்து ஹோமுக்குத் திரும்பவும் நேர் வழி இல்லை, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும்.

ரீஸ்டார்ட் ஆனதும் ஆக்டிவேஷன் பக்கத்தை மறுபடி பாருங்கள். ‘விண்டோஸ் 11 புரோ’, ‘ஆக்டிவ்’ இரண்டும் தெரிந்தால் முடிந்தது. பிட்லொக்கரைப் போடுகிறவர்கள், அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அதே கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளிலும் எழுதி, காணி உறுதி இருக்கும் கோவைக்குள் போட்டு வையுங்கள்.