தலையை இழுத்த பிறகே கால்கள் கைக்கு வந்தன

ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் எதிராளியின் இரு கால்களையும் பற்றி வீழ்த்தும் டபுள் லெக் பிடிக்குக் குறைந்தது 2 புள்ளிகள் உண்டு என்றாலும், பயிற்சியில் எனக்கு நெடுநாள் கிடைத்ததெல்லாம் முதுகின் மேல் ஓர் ஆளின் முழு எடைதான். நான் குனிந்த கணமே அவர் கால்களைப் பின்னுக்கு வீசி ஸ்ப்ரால் செய்துவிடுவார். வேகம் போதவில்லை என்று எண்ணிச் சில மாதங்களை ஓட்டப் பயிற்சியில் வீணடித்தேன்.

காணொளியில் என்னையே பார்த்தபோதுதான் குறை புரிந்தது: அவரைத் தொடுவதற்கு முன்பே என் பார்வை அவருடைய முழங்காலுக்குச் சென்றுவிடுகிறது.

அதன் பின், வலக்கையால் அவர் பிடரியைப் பற்றி, முழங்கையை அவர் மார்போடு ஒட்டி வைத்து, என் உடல் எடையைத் தொங்கவிட்டுத் தலையைக் கீழே இழுக்கத் தொடங்கினேன். (கையால் மட்டும் இழுத்தால் நம் தோள்தான் வலிக்கும்.) இழுபட்டவர் இயல்பாகவே நிமிர முயல்வார், அப்போது இடுப்பு உயர்ந்து முன்னே வரும், முழங்காலைக் காக்க வேண்டிய கைகளும் மேலே எழும். அந்த அரை நொடியில் முன்காலை அவர் பாதங்களுக்கு நடுவே ஆழமாக வைத்து நுழைந்தால், ஸ்ப்ரால் செய்ய அவருக்கு நேரமே இருப்பதில்லை. அவசரப்பட்டு இழுப்போடு சேர்த்தே பாய்ந்த நாள்களில் மட்டும் பழைய கதையே நடந்தது.

அவர் நிமிராமல் குனிந்தே நின்றால், தலையை அமுக்கிப் பிடித்தபடி பின்புறம் சுற்றி வருகிறேன். அதற்கும் 2 புள்ளிகள்தான். கூடப் பயில்பவர்கள் இப்போது என் இழுப்பை எதிர்பார்க்கிறார்கள் என்பதால், சில வேளை பிடரியைத் தொட்டதுமே நுழைந்துவிடுகிறேன்.